படுக்கையறை விரிசலுக்குப் பொறுப்பாளர் யார்?

மதிப்புக்கும் பிரியத்துக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. நானும் உங்கள் அத்தையும் நலம். வீடு மட்டும் நலமில்லை. வெள்ளிக்கிழமை நீங்கள் மகளையும் கைக்குழந்தையையும் அழைத்துவருவதற்குள் ஒரு காரியம் ஆகவேண்டும், அதற்குத்தான் இந்தக் கடிதம்.

உங்கள் நிறுவனம் எங்கள் குடியிருப்பில் கழிவுநீர்க் குழாய் பதிக்கிறதல்லவா, அதற்காகப் பின்னறைச் சுவரை ஒட்டிப் பத்தடிப் பள்ளம் வெட்டியிருக்கிறார்கள். மேஸ்திரி நல்ல மனிதர், "பலகை வச்சு முட்டுக் கொடுக்கணும் சார், இல்லன்னா மழைக்கு மண்ணு சரிஞ்சு உங்க சுவத்தையும் கூட்டிக்கிட்டுப் போயிடும்" என்றார். நான் என்ஜினீயரிடம் ஓடினேன். அவர் ஓர் அட்டவணையைப் பிரித்தார். அபாயப் பதிவேடாம். "சரிய வாய்ப்பு அஞ்சுக்கு ரெண்டு, பாதிப்பு அஞ்சுக்கு ரெண்டு, பெருக்கினா நாலு. நாலுன்னா பச்சை. பச்சைக்கு முட்டு கிடையாது, மேலிடத்துல கையெழுத்தும் ஆயிடுச்சு சார்" என்றார். சுவர் என்னுடையது, பெருக்கல் அவருடையது. போதாததற்கு, புகார் கொண்டுவந்தவன் நான்தானே என்று 'பொறுப்பாளர்' கட்டத்தில் என்னையே எழுதிவிட்டார். வேலியில் போன ஓணானை வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதைதான். அப்புறம் செவ்வாய்க்கிழமை மழை கொட்டி, மண் சரிந்து, சுவரில் விரிசல் விட்டு, முதலில் நூல் நுழைந்தது, இப்போ உங்க அத்தை அதுல சீப்பைச் செருகி வைக்கிறா. நான் குடையோட ஓடிப்போய் "இப்பவாவது சிவப்பாக்குங்கய்யா"ன்னு கெஞ்சினா, அந்த மனுஷன் சிரிச்சுக்கிட்டே, "வர்ற வரைக்கும்தான் சார் அபாயம். வந்துட்டா அது சம்பவம். அதுக்கு வேற பதிவேடு, வேற ஆபீசு"ங்கறார்.

எனக்குப் பயமா இருக்கு மாப்பிள்ளை. பேரக்குழந்தைக்குத் தொட்டில் போட்டிருக்கிறது அந்த ரூம்லதான். தலைமை அலுவலகத்தில் அபாயப் பிரிவுக்கே அதிகாரியா இருக்கீங்க; பள்ளத்தை எட்டிக்கூடப் பார்க்காம பச்சைக்குக் கையெழுத்துப் போட்ட மடையன் யாருன்னு கண்டுபிடிச்சு, நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேளுங்க. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுன்னு அவனுக்கு யாரும் சொல்லலையா? அந்த நாற்காலியில உங்களைப் போல ஒருத்தர் இருந்தா இப்படி நடக்குமா?

மகளுக்கும் குழந்தைக்கும் எங்கள் ஆசிகள். தங்களுக்கு நீண்ட ஆயுளும் பதவி உயர்வும் வாய்க்கட்டும்.

இப்படிக்கு,
தங்களால் பெருமைப்படும் மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் என்ஜினீயர் பதிவேட்டின் நகலைக் கொடுத்துவிட்டுப் போனார். கடைசிப் பக்கத்தில் அனுமதிக் கையெழுத்து, வாலைச் சுழித்து, அடியில் இரண்டு புள்ளி வைத்து. உங்கள் கல்யாணப் பதிவுப் பத்திரத்தில் என் கையெழுத்துக்கு மேலே நீங்கள் போட்டிருக்கிற அதே வால், அதே புள்ளிகள். ஆகவே மேலே எழுதிய மதிப்பையும் பெருமையையும் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். மடையன் மட்டும் அப்படியே இருக்கட்டும். தொட்டிலையும் மகளின் படுக்கையையும் கூடத்துக்கு மாற்றியாயிற்று. பின்னறையில், விரிசலை ஒட்டி, உங்களுக்கு மட்டும் கட்டில் போட்டிருக்கிறோம். பொறுப்பாளர் கட்டத்தில் என்னை அடித்துவிட்டு உங்களை எழுதியது அத்தை. பயப்படவேண்டாம் மாப்பிள்ளை. வாய்ப்பு இரண்டு, பாதிப்பு இரண்டு. பச்சைதான், நிம்மதியாகத் தூங்கலாம்.