பவர்லூம் ஷெட்டில் எடுத்த செய்வினை

குடியாத்தத்தில் அன்று பாதித் தறிகள் ஓடவில்லை. கரண்ட் இருந்தது, ஆள்தான் இல்லை. ஆதிகேசவனின் பவர்லூம் ஷெட்டில் செய்வினை எடுக்கிறார்களாம். எண்பத்து மூன்றாம் வருடத்தில் இதைவிட முக்கியமான வேலை என்ன இருக்கிறது?

ஒரு மாதமாக ஆதிகேசவனுக்கு நூல் அறுந்துகொண்டே இருந்தது. சித்திரை வெயிலில் நூல் அறும் என்பது தறிக்காரர்களுக்குத் தெரியும். ஆனால் வெயிலுக்குத் தட்சணை கொடுக்க முடியாதே. ராணிப்பேட்டை மாந்திரீகர் வீரபாகுவுக்குக் கொடுக்கலாம்.

கட்டைச் செருப்பு டக் டக்கென்று ஒலிக்க வந்தார். எலுமிச்சம்பழத்தை உருட்டினார். பின்சுவரோரம் ஈரமாக இருந்த ஒரே இடத்தில் அது நின்றது. தோண்டச் சுலபமான இடம் பழத்துக்குத் தெரிந்திருந்தது.

தோண்டத் தோண்டக் கரி வந்தது. உப்பு வந்தது. அடியில் செம்புத் தகடு, அதிலிருந்து ஒரு கம்பி. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. வீரபாகு தன் மடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"தெனம் இங்க வர்ற ஒரு பொம்பள வெச்சது," என்றார் சுதாரித்துக்கொண்டு.

"கங்கம்மாதான்! தெனம் இங்க ஒரு குடம் தண்ணி ஊத்துறாளே!" என்றது கூட்டம்.

தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றும் கங்கம்மாள் பதறினாள். "ஒயர்மேன் சாமுவேல் அண்ணன்தான் வெயில் காலத்துல ஊத்தச் சொன்னாரு..."

சாமுவேல் ஆம்பூரில் வேலையாக இருந்தான். கேட்க யாருக்கும் பொறுமை இல்லை. சூனியக்காரிக்கு வேலை போனது. விடிந்ததும் வாடகை வீட்டைக் காலி செய்ய வேண்டும். கம்பியை அறுத்தார்கள்.

மறுநாள் தறி கடித்தது. இரும்புச் சட்டத்தைத் தொட்ட கோவிந்தராஜ் இரண்டடி தள்ளி விழுந்தான்.

"கெட்டது தறியில ஏறிட்ச்சி. இன்னொரு பூஜை போடணும்," என்ற வீரபாகு சட்டத்தின்மேல் கை வைத்துக் காட்டினார். ஒன்றும் ஆகவில்லை. நாலு பேர் காலில் விழுந்தார்கள்.

அப்போதுதான் கங்கம்மாள் சாமுவேலைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவன் டெஸ்டரைச் சட்டத்தில் வைத்தான். அதிலிருந்த குட்டி விளக்கு எரிந்தது.

"பேயோட கண்ணு!" என்றார் வீரபாகு.

"அப்டியா? கட்டைய கழட்டிட்டு வெறுங்கால்ல நில்லு சாமி. இப்ப தொடு."

"இன்னிக்கு நாள் சரியில்ல."

"நேத்து ஜாஸ்தியா பேசினியே, தொடு சாமி!" கோவிந்தராஜுக்கு இன்னும் கை மரத்திருந்தது. ஓடப் பார்த்தவரின் இடுப்பு வேட்டியைப் பிடித்தான். மடியிலிருந்து ஒரு செம்புத் தகடு விழுந்தது. அதில் ஆதிகேசவன் பெயர் அழகாகப் பொறித்திருந்தது. தோண்டி 'எடுக்க' அவர் கொண்டுவந்த தகடு.

சாமுவேல் மெயினை அணைத்தான். "நீங்க தோண்டுனது எர்த்து. தகட்ட கரியும் உப்பும் போட்டு நான்தான் பொதச்சேன். மண்ணு காஞ்சா வேலை செய்யாது, அதான் தண்ணி. மோட்டார்ல கசியுற கரண்ட் அது வழியா பூமிக்குப் போய்ட்டிருந்தது. இப்ப உங்க ஒடம்பு வழியா போவுது." தகட்டைப் புதைத்து, கம்பியை இணைத்து, மெயினைப் போட்டு, வெறுங்காலோடு சட்டத்தைத் தொட்டான். நின்றுகொண்டே இருந்தான். "மோட்டாரையும் மாத்திடுங்க மொதலாளி."

"நாளைக்கு வேலைக்கு வந்துடும்மா," என்று முனகினார் ஆதிகேசவன்.

"திட்டுறப்போ தெருவுக்கே கேட்டுச்சே," என்றாள் கங்கம்மாள். "இதையும் கேக்குற மாதிரி சொல்லு மொதலாளி."

சொன்னார்.

அந்தக் குழியைச் சுற்றி நூறு பேர் நின்றார்கள். கம்பியின் மறுமுனை எங்கே போகிறது என்று திரும்பிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒரு பெண்ணைத் தெருவில் தள்ள மட்டும் நூறு பேருக்கும் உடனே தோன்றியது.