மறுமுடுக்கு மேஸ்திரியின் முன்பல்

சாமியே நாமக்கல்லுக்கு இறங்கி வந்து ஒரு போல்ட்டை முடுக்கிவிட்டுப் போனாலும், அவர் தலை மறைந்ததும் ஸ்பேனரை எடுத்து இன்னும் அரைச்சுற்று முடுக்கிப் பார்க்கக்கூடிய ஒரே ஆள் எங்கள் மறுமுடுக்கு மேஸ்திரிதான். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் நான் ஆபீஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். புது வண்டி முதல் லோடு அடித்துத் திரும்பியதும் எல்லா போல்ட்டையும் இன்னொரு தரம் முடுக்குவது அங்கே வழக்கம். மற்றவர்களுக்கு அது வேலை, இவருக்கு வியாதி. கதவின் கீல், என் நாற்காலி, வசூலுக்கு வந்த இன்சூரன்ஸ்காரரின் ஸ்கூட்டர் எதையும் மனுஷன் விட்டுவைத்ததில்லை.

அப்படி ஏற்கெனவே இறுகிக் கிடந்த ஒன்றை முடுக்கும்போதுதான் ஸ்பேனர் நழுவி அவருடைய மேல்வரிசை முன்பல் ஒன்றைக் கொண்டுபோனது. அறுபது வயதில் அவருக்கு அப்படி ஒரு வெட்கம். அன்றிலிருந்து துண்டால் வாயைப் பொத்திக்கொண்டுதான் பேச்சு. எங்களுக்குத் தமாஷாக இருந்தது. அவர் மனைவிக்கு இல்லை. பள்ளிபாளையத்தில் முப்பது வருஷம் விசைத்தறி ஓட்டி, அந்தச் சத்தத்தில் காது போனவர் அந்தம்மா. புருஷன் வாயசைவைப் பார்த்தால்தான் பேச்சுப் புரியும். ஒருநாள் பட்டறைக்கே வந்துவிட்டார்.

"ஏனுங்க தம்பி, ஊட்டுல துண்டுதானுங்க பேசுது. இவரு என்ன சொல்றாருன்னு ரெண்டு மாசமா எனக்கு ஒண்ணும் தெரியறதில்லீங்க. ஒரு பல்லக் கட்டிக்கச் சொல்லுங்க" என்றார். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

நானே மேஸ்திரியைப் பல் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனேன். டாக்டர் ஓர் இளம்பெண். தாடை எலும்பில் ஒரு திருகை இறக்கி அதன்மேல் பல் வைக்கலாம், அதற்குப் பெயர் இம்ப்ளாண்ட் என்றார். மேஸ்திரிக்கு முகமெல்லாம் பூரிப்பு.

"எத்தன எம்.எம். போல்ட்டுங்க? ஸ்பிரிங் வாஷர் போட மாட்டீங்களா?"

"எலும்பு வளந்து அதுவே புடிச்சுக்குங்க. அதுக்கு மூணு நாலு மாசம் ஆகும். இப்ப மேல வெக்கற பல்லு சும்மா பார்வைக்குத்தான், அதுல எதையும் கடிக்கக் கூடாது. சுகர் ஏறக் கூடாது. பீடி குடிச்சா ரத்த ஓட்டம் கொறஞ்சு புண்ணு ஆறாது, சீழ் புடிக்கும், திருகு ஆடிப்போயிரும். பீடி உண்டுங்களா?"

"எப்பவாச்சும் ஒண்ணுங்க" என்றார், சட்டைப் பையில் ஒரு முழுப் பீடிக்கட்டை வைத்துக்கொண்டு.

பல் வைத்தபின் மூன்று வாரம் துண்டு தோளோடு நின்றது. அதற்குமேல் மேஸ்திரிக்குக் கை சும்மா இருக்கவில்லை. "லோடு ஏத்திப் பாக்காம எப்புடீங்க நம்பறது?" என்று முதலில் கடலை உருண்டை கடித்தார். மறுநாள் கரும்பு. இடையிடையே பீடி. அப்புறம் பல்லை விரலால் ஆட்டிப் பார்த்து, "லேசா ப்ளே இருக்குதுங்க, ஆடுது" என்று கவலைப்பட்டார். தொடக் கூடாது என்று கத்திவிட்டுத்தான் சாப்பிடப் போனேன். திரும்பி வருவதற்குள் ஒரு லாரியின் பக்கக் கண்ணாடி முன்னால் மறுமுடுக்கு நடந்து முடிந்திருந்தது.

மேலுதடு பன் மாதிரி வீங்கிவிட்டது. அதையும் ஒரு வாரம் துண்டால் மறைத்தார். கடைசியில் நானும் அந்தம்மாவும் சேர்ந்துதான் கூட்டிப்போனோம்.

"எதுல முடுக்குனீங்க?" என்றார் டாக்டர்.

"மூக்குக் குறடுலங்க. நல்லாத் தொடச்சுட்டுத்தானுங்க."

டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டார். "இறுக்கிப் புடிக்கறது எலும்போட வேலைங்க. உங்க வேலை சும்மா இருக்கறதுதான்" என்று சொல்லித் திருகைக் கழற்றினார். சீழ் ஆறி எலும்பு தேற மாசக்கணக்கில் ஆகும், பீடியை விட்டால்தான் மறுபடி வைப்பேன் என்றும் சொல்லிவிட்டார்.

வெளியே வந்ததும் மேஸ்திரியின் கை தானாகத் துண்டுக்குப் போனது. அந்தம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு உங்க பல்லு வேண்டாமுங்க. வாயி தெரிஞ்சாப் போதும்."

மேஸ்திரி துண்டை உருவி அவரிடமே கொடுத்துவிட்டார்.

மறுநாள் காலையில் போன் செய்து லீவு கேட்டார்.

"வலி அதிகமா மேஸ்திரி?"

"அதெல்லாம் இல்லீங்க. ஊட்டுல பேச்சு இன்னும் முடியலீங்க."

ஒரு நாள் போதாது, ரெண்டு நாளாக எடுத்துக்குங்க என்றேன்.