பாதி விலையும் முன் பெட்டியும்

பேரன்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு, தங்கள் தங்கையின் கணவனும் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாருமான அடியேன் எழுதிக்கொள்வது. மகள் வீட்டில் நானும் தங்கள் தங்கையும் நலம், தனித்தனியே நலம். அங்கே நீங்களும் அக்காவும் சேர்ந்தே நலமாயிருக்க விரும்புகிறேன்.

நாங்கள் புறப்பட்ட அன்று, வாசலில் பெட்டியைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டே, "ஊரே முழு விலை குடுக்குது, உங்களுக்கு மட்டும் வெளிநாட்டு ரயில்ல பாதி விலைக்கு எப்படி மாப்ளே டிக்கெட் கெடைக்குது?" என்று கேட்டீர்கள். அன்று அவசரத்தில் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். அடுத்த மாதம் நீங்களும் அக்காவும் இங்கே வருவதால் இப்போது விளக்குகிறேன்.

முதல் விதி, முன்கூட்டியே வாங்க வேண்டும். விற்பனை தொடங்கிய அன்றைக்கு இருக்கும் விலை கடைசி வாரத்தில் இருக்காது. இரண்டாவது, வேலை நாளில் நடுப்பகல் ரயிலாகப் பார்க்க வேண்டும். எல்லாரும் ஆபீசில் இருப்பார்கள். மூன்றாவது, இருவருக்கும் சேர்த்துக் கேட்கக் கூடாது. உதாரணம் சொல்கிறேன். மேசையில் ஒரே ஒரு சாக்பீஸ் மிச்சமிருக்கிறது. இரண்டு பையன்கள் சேர்ந்து வந்து கேட்டால், இரண்டு இல்லையென்று இருவரையும் திருப்பி அனுப்பிவிடுவேன். தனித்தனியாக வந்தால் ஒருவனுக்காவது கிடைக்கும். சலுகை டிக்கெட்டும் அப்படித்தான். நான்காவது, இருக்கை எண் இல்லாத டிக்கெட்டே மலிவு. காலியான இடத்தில் உட்கார்ந்துகொள்ளலாம்.

இந்த நான்கையும் பிசகாமல் கடைப்பிடித்துத்தான் மகள் ஊருக்கு ரயில் ஏறினோம். பிளாட்பாரப் படியை ஒட்டி நின்ற கடைசிப் பெட்டியிலேயே தங்கள் தங்கை ஏறி உட்கார்ந்துவிட்டாள். "முன்னாடி வா, இறங்கினா ஸ்டேஷன் வாசல் பக்கத்துலயே இருக்கும்" என்றேன். "முப்பத்தஞ்சு வருஷமா முன் பெஞ்சு, முன் பெஞ்சுன்னு பசங்க உசுர வாங்கினது பத்தலையா? எனக்குக் கால் வலிக்குது. நீங்க போயி ஃபர்ஸ்ட் மார்க் வாங்குங்க" என்றாள். சரியென்று, மூட்டை முடிச்சுகளை அவளிடம் விட்டுவிட்டு, இரண்டு டிக்கெட்டும் இருந்த செல்போனோடு முதல் பெட்டிக்குப் போய் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். வழியில் ஒரு ஜங்ஷனில் வண்டி வெகுநேரம் நின்றது, ஒலிபெருக்கியில் யாரோ என்னமோ சொன்னார்கள், புரிந்தவன்போல் நானும் தலையாட்டினேன், ஒரு குலுக்கல், கிளம்பிவிட்டது. ஒரு வளைவில் திரும்பும்போது சும்மா எட்டிப் பார்த்தேன். ஏறும்போது பத்துப் பெட்டி. இப்போ அஞ்சு. கணக்கு வாத்தியாராச்சே, மறுபடி எண்ணினேன். மறுபடியும் அஞ்சுதான்! டிக்கெட் பரிசோதகர் வந்து, இரண்டு உள்ளங்கைகளையும் ஒட்டவைத்து, மெல்லப் பிரித்துக் காட்டினார். ரயில் அந்த ஜங்ஷனில் இரண்டாகப் பிரியுமாம். மகள் ஊருக்குப் போவது பின்பாதியாம்.

அவளுக்குப் பாஷை தெரியாது, கையில் டிக்கெட் இல்லை, போன் இல்லை. எங்கே தவிக்கிறாளோ என்று பதறி, அடுத்த ஊரில் இறங்கி, முழு விலை கொடுத்துத் திரும்பி வரும் ரயிலைப் பிடித்து (இதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்), வழியெல்லாம் மகளுக்குப் போன் போட்டால் லைன் கிடைக்கவில்லை. சாயங்காலம்தான் கிடைத்தது. "அம்மாவ அப்பவே ஸ்டேஷன்லேர்ந்து கூட்டிட்டு வந்துட்டேன்பா, சாப்பிட்டுத் தூங்கறாங்க. டிக்கெட் கேட்டவர்கிட்ட, எங்க வீட்டுக்காரர்கிட்ட இருக்கு, அவரு முன்னாடி போயிட்டார்னு கையைக் காட்டினாங்களாம். அவரு விழுந்து விழுந்து சிரிச்சிட்டு, இறங்கறப்போ பெட்டியெல்லாம் எடுத்துக் குடுத்தாராம். நீங்க எங்கப்பா இருக்கீங்க?" என்றாள்.

மைத்துனரே, விதிகளில் தவறில்லை. எந்தப் பெட்டி எந்த ஊருக்கு என்று விசாரிக்கும் ஐந்தாவது விதி ஒன்றைச் சேர்த்துக்கொண்டால் போதும். ஆனால் தங்கள் தங்கையோ, "இனிமே நீங்க வாங்கற டிக்கெட்ல நான் ஏற மாட்டேன். நீங்க தனியாப் போங்க" என்று ஒரே பிடிவாதம். விமானத்தைப் பிடிக்க இந்த மாதக் கடைசியில் மறுபடி ரயில் ஏறியாக வேண்டும். நாற்பது வருடத்தில் அவள் இல்லாமல் நான் ஊர் திரும்பியதில்லை. அண்ணன் சொன்னால் கேட்பாள். ஒரு போன் போட்டுப் பேசுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் எல்லா வண்டியையும் நேரத்துக்குப் பிடிக்க என் ஆசிகள்.

தங்கள் அன்பு மாப்பிள்ளை

பி.கு.: போன் போட வேண்டாம். இதை மடித்து உறையில் போடும்போது தங்கள் தங்கை ஸ்டேஷனிலிருந்து வந்தாள், கையில் இரண்டு டிக்கெட். கவுண்டரில் தன் நரைமுடியைத் தொட்டுக் காட்டி இரண்டு விரலை நீட்டினாளாம். அறுபது தாண்டியவர்களுக்குத் தனிச் சலுகை இருக்கிறதாம். நான் வாங்கியதைவிட மலிவு. இருக்கை எண்ணும் உண்டு, பக்கத்துப் பக்கத்தில், கடைசிப் பெட்டியில். "உங்க மை பூசின தலையக் காட்டியிருந்தா முழு விலைதான் கேட்டிருப்பாங்க" என்கிறாள். ஆகவே மேலே எழுதிய ஐந்து விதிகளையும் அடித்துவிடுங்கள். உங்கள் தலையிலோ காட்டுவதற்கு முடியே இல்லை. இங்கே வந்ததும் டிக்கெட் கவுண்டரில் அக்காவை முன்னால் விட்டுவிட்டு, நீங்கள் பின்னால் நில்லுங்கள்.