இருபத்திரண்டு பாட்டன்களின் பேரன்

வம்சப்பாட்டுக்காரர் என்றோர் இனம் உண்டு. உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. மணி என்ன என்று கேட்டால், தம் பாட்டனார் சூரியனைப் பார்த்து மணி சொன்ன கதையில் ஆரம்பிப்பார். பப்புவா மலைநாட்டில், எங்கள் சிம்பு பள்ளத்தாக்கில், அந்த இனத்துக்குத் தலைவர் கிக்மாய்.

மற்றவர்கள் அப்பன் வழியில் ஐந்து பேரைச் சொல்லிவிட்டுத் தலையைச் சொறிவார்கள். கிக்மாய் இருபத்திரண்டு சொல்வார். சர்க்கரைவள்ளி வெந்து, ஆறி, தின்று முடித்து, கேட்டவன் கொட்டாவி விட்டு, அவன் பன்றியும் படுத்துத் தூங்கிய பிறகும் பதினாறாவது பாட்டன் ஆற்றைத் தாண்டிக்கொண்டே இருப்பார். ரக்பியில் ஒருவன் ஜெயித்தால் அவன் பன்னிரண்டாம் பாட்டனின் கிளை. தேர்தலில் ஜெயித்தால் ஒன்பதாம் பாட்டனின் கிளை. தோற்றவன்? அவன் யாரோ!

ஆகவே, ஆண்களின் எச்சிலைச் சோதித்து அப்பன் வழியைக் கண்டறியும் குழு வந்தபோது, முதலில் வாயைத் திறந்தவர் யார்? மூட மறந்தவரும் அவரே.

முடிவைச் சொல்ல, ஊர் கூடியிருக்கும் நாளாகப் பார்த்து அவர்கள் திரும்பி வந்தார்கள். அன்று கிக்மாயின் மகள் ரெபேக்காவுக்குக் கல்யாணம். அக்கரை மாப்பிள்ளை வீட்டார் பரிசப் பன்றிகளோடு வந்து நிற்கிறார்கள். சமையல் குழியில் கல் காய்கிறது. பெண்ணின் தலையில் பறவை இறகுகள் பாதி ஏறியிருக்கின்றன.

"உங்க ரெண்டு ஊர் ஆம்பளைங்களுக்கும் அப்பன் வழி ஒண்ணுதான். பல ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி," என்றாள் குழுவில் வந்த பெண்.

கிக்மாய் துள்ளிக் குதித்தார். "நான் சொல்லல? என் பதினாலாவது பாட்டன் கொம்பா பெத்த சின்னப் பையன்தான் அக்கரைக்குப் போனான்! இவங்கல்லாம் அவன் கிளை!"

பேர் சொல்லத் தெரிந்த பாட்டன் வரைக்கும்தான் எங்களில் சொந்தம். அதற்கப்பால் அயலார், தாராளமாகப் பெண் கொடுக்கலாம். மாப்பிள்ளையின் பெரியப்பா காவுபா பன்றிக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டார்.

"பேர் தெரிஞ்ச பாட்டன் ஒண்ணுன்னா நாம பங்காளி. பொண்ணு எங்க பையனுக்குத் தங்கச்சி. தங்கச்சியவா கட்டுறது? வாங்கடா, போலாம்."

"செத்துப்போன இருபத்திரெண்டு பேருக்காக உசுரோட இருக்கிற ஒருத்திய அழவைக்கிறியே, பாவி மனுஷா!" என்று மனைவி அகதா தலையில் அடித்துக்கொண்டாள்.

ரெபேக்கா இறகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினாள். கிக்மாய் காவுபாவின் குறுக்கே போய் நின்றார்.

"சம்பந்தி, நில்லுங்க." தொண்டையைச் செருமினார். "எனக்கு... அஞ்சு பேருதான் தெரியும்."

"மீதி பதினேழு?"

"நானே வச்ச பேரு."

"அந்தக் கொம்பா?"

"அது... எங்க வீட்டு நாய் பேரு."

ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. காவுபா கயிற்றை விட்டார். இறகுகள் மறுபடி தலையேறின. கல்யாணம் அமோகமாக நடந்தது. சாயங்காலம் பன்றிக் கறியை மென்றபடி மாப்பிள்ளையை ஓரம்கட்டிய கிக்மாய், "அஞ்சுன்னு சொன்னேனே மாப்ளே, ஆறாவதா ஒருத்தர் இருந்தாரு, பெரிய வீரரு..." என்று ஆரம்பித்தது தனிக் கதை.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்கள் பாட்டனாரின் பாட்டனாருக்கு என்ன பேர்? தெரியாது. ஆனால் அவர் ஏதோ ஓர் அரண்மனையில் பெரிய பதவியில் இருந்தார் என்று சொல்ல நாக்கு துறுதுறுக்கிறதல்லவா? சொல்லுமுன், உங்கள் வீட்டு நாயின் பெயரை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.