முப்பது நிமிட வாசகர்

இந்தக் குளிர்காலத்தில் என் கராஜை எவருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்று அக்டோபர் முதல் ஞாயிறன்று சபதம் செய்தேன். செய்த இடம், தேவாலயத்தின் கீழ்த்தளக் கூடம். சாட்சி, பக்கத்து வீட்டு டெல்மர். கையில் காபி.

என் கராஜில் மூன்று பனி வாரும் இயந்திரங்கள் இருக்கின்றன. ஒன்று ஓடும். இரண்டாவது, முதலாவதற்கு உதிரி பாகம் கொடுக்கும். மூன்றாவது, இரண்டாவதற்குத் துணை. இடம் போதாமையால் என் மனைவி மார்லிஸின் கார் வெளியே நிற்கிறது. வடக்கு மினசோட்டாவில், ஜனவரி மாதக் காலையில், காரின் கண்ணாடியிலிருந்து பனிக்கட்டியைச் சுரண்டும் பெண்ணின் முகம் எப்படி இருக்கும் என்பதை இரண்டு குளிர்காலங்களாகச் சமையலறை ஜன்னல் வழியே கவனித்துவருகிறேன். உள்ளே இதமாகத்தான் இருக்கும்.

கராஜின் பெரிய கதவும் இரண்டு ஆண்டுகளாகத் திறப்பதில்லை. தொழிற்சாலையிலிருந்து ஒரு பாகம் வரவேண்டும் என்று மார்லிஸிடம் சொல்லியிருந்தேன். இப்போதைக்கு அதைப் பற்றி இவ்வளவு போதும்.

அன்று காலை தேவாலயத்துக்குக் கிளம்பும்போதே மார்லிஸ் தொடங்கிவிட்டாள்.

"வெர்லின், இந்த வருஷம் என் கார் உள்ள நிக்கணும்."

"கதவு திறக்காதே, மார்லிஸ்."

"சின்னக் கதவு வழியாத்தானே மூணு மெஷினையும் உள்ள தள்ளின? அதே வழியா வெளிய தள்ளு. பெரிய கதவுக்கு நான் ஆளைக் கூப்பிடறேன்."

"ஆளெல்லாம் எதுக்கு? அது வெறும் கராஜ் இல்ல, மார்லிஸ். பனி மெஷின் பத்தி நான் எழுதற வலைப்பூவோட ஆராய்ச்சிக்கூடம்."

"ஓ, அந்த வலைப்பூவா! அதை யாரு படிக்கிறா?"

"பதினோரு பேர்."

"ஆளுக்கு எவ்வளவு நேரம்?"

நான் உண்மை பேசுகிறவன். "பத்தொன்பது விநாடி."

"எனக்கு ஒரு தும்மல் வர்றதுக்கே அதைவிட நேரம் ஆகும்." சட்டையின் காலரைச் சரிசெய்துகொண்டே அவள் கையை நீட்டினாள். "சரி, ஒரு பந்தயம். வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரே ஒரு ஆள் உட்கார்ந்து, முப்பது நிமிஷம் உன் எழுத்தைப் படிச்சதாக் காட்டு. கராஜ் உனக்கே. இல்லேன்னா மெஷின் வெளிய, கார் உள்ள."

கை குலுக்கினோம். எங்கள் ஊரில் கை குலுக்கினால் அது கல்வெட்டு.

ஆராதனை முடிந்து கூடத்தில் காபி ஊற்றிக்கொண்டு டெல்மரிடம் இதைச் சொன்னேன். பதினோரு வாசகர்களில் அவனும் ஒருவன். ஆனால் தலைப்பை மட்டும் படிப்பவன்.

"முப்பது நிமிஷமா! பாதிரியார் பிரசங்கமே இருபதுதானேப்பா?" என்றவன், மேசைப் பக்கம் திரும்பினான்.

அங்கே ஒரு தட்டில் கடைசி எலுமிச்சைக் கேக் துண்டு இருந்தது. எங்கள் ஊரில் கடைசித் துண்டை எவரும் எடுக்கமாட்டார்கள். எடுத்தால் பேராசைக்காரர் என்று பெயர் வந்துவிடும். பாதியாக வெட்டி எடுத்துக்கொள்ளலாம், அது பண்பு. அடுத்தவர் மீதிப் பாதியில் பாதி. அதற்கடுத்தவர் அந்தக் காலில் பாதி.

"எனக்கு வேணாம்பா. சும்மா ஒரு பாதி," என்று டெல்மர் வெட்டினான். இரண்டு நிமிடத்தில் மீண்டும் வந்தான். "இது நல்லா இல்ல, அப்படியே கிடக்குது பாரு," என்று இன்னொரு பாதி. மொத்தம் ஐந்து முறை வந்தான். முழுத் துண்டாகக் கொடுத்திருந்தால் ஒரே வாயில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பான். பாதி மிச்சம் இருந்ததால் நாற்பது நிமிடம் அந்த மேசையைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

எனக்குப் பொறி தட்டியது.

திங்கள் முதல் புதன் வரை உழைத்தேன். ஆறு ஆண்டுகளில் எழுதிய நாற்பத்து மூன்று பதிவுகளையும் பாதிப் பாதியாக வெட்டினேன். ஒவ்வொரு பாதியின் வாலிலும் ஓர் இணைப்பு. அதை அழுத்தினால் மீதிப் பாதி. மீதிப் பாதியின் வாலில் இன்னொரு பதிவுக்கு இணைப்பு. அவற்றுக்குக் கீழே, "தொடர்புடைய பதிவுகள்" என்று ஒரு பட்டியல்.

'பழைய எண்ணெயை வடிக்க அகலமான பாத்திரம் தேவை. எனக்கு அருமையான பாத்திரம் ஒன்று கிடைத்தது. எங்கே கிடைத்தது? இங்கே அழுத்தவும்.'

'அன்று முதுகுவலி என்று வீட்டில் சொல்லியிருந்தேன். உண்மையில் எங்கே போனேன்? இங்கே அழுத்தவும்.'

எலிப்பொறிக்குக்கூட ஒரு கதவு உண்டு; என் வலைப்பூவுக்கு அதுவும் இல்லை. உள்ளே வந்தவர் வெளியேற வழியே கிடையாது.

ஒன்றைச் சொல்லிவிடவேண்டும். மார்லிஸ் இந்த ஆறு ஆண்டுகளில் ஒருநாளும் என் வலைப்பூவைத் திறந்ததில்லை. ஆகவே அதில் நான் உண்மையை மட்டுமே எழுதிவந்தேன்.

வியாழன் மாலை வலைப்பூவின் புள்ளிவிவரப் பக்கத்தைத் திறந்தேன். திறந்தவன் எழுந்து நின்றுவிட்டேன். ஒரு வாசகர். ஒரே அமர்வு. எண்பத்தாறு பக்கங்கள். நாற்பத்தொரு நிமிடங்கள்! ஓர் இணைப்பைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை.

சமையலறைக்குள் நான் நடந்து நுழையவில்லை, பவனி வந்தேன். மார்லிஸ் மேசையருகே அமர்ந்திருந்தாள். எதிரே தட்டில், அவள் சுட்ட எலுமிச்சைக் கேக்கின் கடைசித் துண்டு.

"நாற்பத்தொண்ணு!" என்றேன்.

"என்னது?"

"நிமிஷம்! ஒரு மனுஷன் நாற்பத்தொரு நிமிஷம் என் எழுத்தை விட்டு எழுந்திரிக்கல!"

"அடேயப்பா. அப்ப நீ ஜெயிச்சுட்ட."

"ஜெயிச்சுட்டேன்!"

"கராஜ் உனக்கே. கை குலுக்கினது குலுக்கினதுதான்." அவள் முகத்தில் வருத்தமே இல்லை. அதை அப்போதே கவனித்திருக்கவேண்டும். "ஆமா, அந்த வாசகர் எந்த ஊராம்?"

"இந்த ஊர்தான்! உள்ளூர்லயே எனக்கு ரசிகர்!"

"எந்த வீடுன்னு அதுல போடலையா?"

சொல்லிவிட்டு அவள் தட்டிலிருந்த கடைசித் துண்டை எடுத்தாள். வெட்டவில்லை. முழுசாக எடுத்து, முழுசாக வாயில் போட்டுக்கொண்டாள். முப்பத்தோர் ஆண்டு இல்லறத்தில் நான் அப்படி ஒரு காட்சியைக் கண்டதில்லை. எங்கள் ஊரில் அது போர்ப் பிரகடனம்.

"மார்லிஸ்... நீயா?"

"பந்தயம் கட்டினா எதிராளி என்ன பண்றான்னு பார்க்க வேணாமா? ஒரே ஒரு பதிவைப் பார்த்துட்டு எழுந்திரிக்கலாம்னுதான் உட்கார்ந்தேன். பாத்திரம் எங்க கிடைச்சதுன்னு கேட்டு நிறுத்திட்ட. விடுவேனா?" விரலைத் துடைத்துக்கொண்டாள். "உன் யோசனை பிரமாதம், வெர்லின். நிறுத்தவே முடியல."

"அந்தப் பாத்திரத்தை நான் நல்லா கழுவித்தான்..."

"என் வான்கோழிப் பாத்திரம். போன நவம்பர்ல தேவாலயத்துல எண்பது பேர் அதுல சமைச்சதைத்தான் சாப்பிட்டாங்க. 'இந்த வருஷம் ஏதோ புது மணம்'னு டெல்மர் ரெண்டு தடவை வாங்கினான்."

நான் நாற்காலியைத் தேடினேன்.

"அதுல இருந்து முதுகுவலி. என் தங்கச்சி வீட்டு விருந்துக்கு வராம, மூணாவது மெஷினைத் தூக்கிட்டு வந்த முதுகு அது. அதுல இருந்து கதவு." அவள் பின்னல் சட்டையின் பையிலிருந்து கராஜ் கதவைத் திறக்கும் ரிமோட் பொத்தானை எடுத்தாள். "சிவப்புக் கம்பி, இடது மூலை. எப்படிக் கழட்டினன்னு படம் போட்டு விளக்கியிருந்த. மாட்டறதுக்கும் அந்தப் படமே போதுமா இருந்துச்சு."

அழுத்தினாள். முற்றத்துக்கு அப்பால், இரண்டு ஆண்டுகளாகத் தொழிற்சாலைப் பாகத்துக்குக் காத்திருந்த கதவு வெண்ணெய் போல் வழுக்கி மேலே போனது.

"ஆனா..." ஜன்னல் வழியே அந்தக் கதவையே பார்த்தேன். "பந்தயத்துல ஜெயிச்சது நான்."

"யாரு இல்லேன்னா? உன்னைக் காலி பண்ணுன்னு நான் சொல்லவே மாட்டேன். போய் உன் வலைப்பூவைப் பாரு. தொடர்புடைய பதிவுகள்ல ஒண்ணு புதுசா இருக்கும்."

வலைப்பூவின் கடவுச்சொல்லை மறந்துவிடாதிருக்கக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்தவன் நான்தான்.

பட்டியலின் உச்சியில் அது இருந்தது. எழுதியவர் என்று என் பெயரே போட்டிருந்தது. தலைப்பு: 'பந்தயத்தில் வென்ற கராஜை என் அன்பு மனைவிக்கே கொடுத்துவிட்டேன்.' பதிவு இரண்டே வரி: 'எதற்காகக் கொடுத்தேன்? வான்கோழிப் பாத்திரத்தின் மீதிக் கதை, சனிக்கிழமை மாலைக்குள் கராஜ் காலியாகாவிட்டால், ஞாயிற்றுக்கிழமை தேவாலய அறிவிப்புத் தாளில் வெளிவரும்.'

கீழே டெல்மரின் கருத்து அதற்குள் வந்திருந்தது. "தலைப்பு மட்டும் படிச்சேன். பெரிய மனசுப்பா உனக்கு! சனிக்கிழமை எனக்கு லீவு, மெஷினைத் தூக்க எட்டு மணிக்கு வந்துடறேன்."

தப்பிக்க எங்காவது ஓர் ஓட்டை இருக்குமா என்று அந்த இரண்டு வரிகளைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மறுநாள் காலை புள்ளிவிவரப் பக்கத்தில் முப்பது நிமிடத்தைத் தாண்டிய இரண்டாவது வாசகர் ஒருவர் சேர்ந்திருந்தார்.

அது நான்.