வடக்குக் கோட்டைப் பேய்

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அசந்து படுத்த தங்கபாண்டி, தூக்கத்தில் கத்திவிட்டான்: "கோட்டையைச் சுத்திட்டாங்க. ஓடுங்கடா."

கண் திறந்தால் எதிரே மனைவி சத்யபிரியா.

"எந்தக் கோட்டைங்க?"

கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவன் போனில் ஆடிவரும் மாயக்கோட்டை விளையாட்டு அது. "அப்படி என்ன இருக்கு அதுல? விளையாடப் பெறுமா?" என்று போன பங்குனியில் அவள் கேட்டாள். "பத்துப் பைசா பெறாது" என்றவன், இனி ஆடமாட்டேன் என்று இருளப்பசாமி கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியமும் செய்தான். மறுபடி ஆடினால் நரிக்குடி அம்மா வீட்டுக்கு பஸ் ஏறிவிடுவதாக அவளும் சொன்னாள். அன்று சாயங்காலமே மறுபடி ஆடினான். இப்போது ஒரு மாசமாக யாரோ ஒரு முகமூடி அவன் கோட்டையை முற்றுகையிட்டுக் கிடக்கிறது. சத்தியத்தை மீறியது சாமி குத்தம்தான். சாமியையாவது சமாதானப்படுத்தலாம், உண்மை தெரிந்தால் சத்யாவை முடியாது.

"நான் பேசலை சத்யா. எனக்குள்ள எவனோ பேசுறான்."

சத்யபிரியா போன் போட்டதில், பொழுது சாயுமுன் பரளச்சியிலிருந்து பேயோட்டும் கோடாங்கி சோணைமுத்து, உடுக்கும் சாட்டையுமாக வந்து இறங்கினார்.

"பேயெல்லாம் இல்லைங்க. சும்மா உளறல்," என்றான் தங்கபாண்டி, சாட்டையைப் பார்த்ததும்.

"எல்லாப் பேயும் முதல்ல அப்படித்தான் சொல்லும்," என்று சாட்டையைத் தண்ணீரில் நனைத்தார் கோடாங்கி.

தங்கபாண்டி தீவனக் கடைக்காரன். எதையும் பேசிக் குறைக்கத் தெரிந்தவன். சின்னப் பேய் ஒன்றை ஒத்துக்கொண்டால் அடி தப்பும் என்று பட்டது.

"பேரு?"

"வேங்கைமாறன்." விளையாட்டில் அவன் வைத்திருந்த பேர்தான் வாயில் வந்தது.

"குடியிருப்பு?"

"வடக்குக் கோட்டை."

"தனியாவா?"

பழக்க தோஷம், உண்மை வந்துவிட்டது. "நாப்பது பேரு."

சத்யபிரியா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நாப்பதுக்கும் தனித்தனியா அடிக்கணுமே தாயி."

"அடிங்கய்யா. இவுக நல்லா இருந்தாப் போதும்."

சாட்டை உயர்ந்தது. தங்கபாண்டி இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டான். "மொத்தமா ஒரே அடியாப் போட்டுக்கங்களேன்."

"அப்ப சாவியைக் குடு. எந்தச் சொல்லுக்கு அந்தக் கோட்டை திறக்கும்?"

கூட ஆடுகிற நாற்பது பேருக்கும் சொல்லாத சொல். சாட்டை காதோரம் விசிறிப் போனது.

"பருத்திப்பால் எழுபத்தேழு."

கோடாங்கி திருநீறு பூசினார். "கண்ணைத் திறக்காம நூறு வரைக்கும் எண்ணு."

எண்ணினான். அடுப்படிப் பக்கம், விளையாட்டில் கோட்டைக் கதவு திறந்தால் ஊதும் கொம்புச் சத்தம். அவனுடைய போனோ அவன் சட்டைப்பையில் அணைந்து கிடந்தது.

கோடாங்கியின் குரல் மெல்லக் கேட்டது:

"கதவு திறந்துருச்சு தாயி. ஒரு மாசமா வெளிய நின்னு முட்டுனது போதும், உள்ள போங்க."