ஒன்றுமாகாதார் மூக்கு

ஆபத்தான பொருள் எதுவானாலும் அதன்மேல் படம் போட்ட சீட்டு ஒட்ட வேண்டும் என்று உலகம் என்றைக்கோ முடிவு செய்துவிட்டது. சிவப்புக் கோட்டில் ஒரு சாய்சதுரம். அதற்குள், எரிகிற பொருளுக்குத் தீச்சுடர், கொல்கிற பொருளுக்கு மண்டையோடு, தோலைத் தின்கிற பொருளுக்கு ஓட்டை விழுந்த கை, மூச்சோடு உள்ளே போய் நாள்பட நாள்பட ஈரலைக் கெடுக்கிற பொருளுக்கு நெஞ்சில் நட்சத்திரம் வெடித்தாற்போல ஒரு மனிதன். எல்லாம் சரிதான். ஆனால் இந்தச் சீட்டு எதுவும் இல்லாமல், இஸ்திரி போட்ட சட்டையும் சிரித்த முகமுமாக நமக்கு நடுவிலேயே நடமாடுகிற ஓர் ஆபத்தை மட்டும் இதுவரை யாரும் வகைப்படுத்தவில்லை. அந்த இனத்துக்கு நாமே ஒரு பெயர் வைத்துவிடுவோம். ஒன்றுமாகாதார்.

உங்களுக்கு அவரைத் தெரியும். மெயின் சுவிட்சை அணைக்காமல் பல்லால் வயரைச் சீவுகிறவர் அவர். கால் ஆடுகிற நாற்காலியின் மேல் முக்காலியைப் போட்டு, முக்காலியின் மேல் புத்தகக் கட்டை வைத்து, அதன்மேல் ஏறி நின்று மின்விசிறி துடைத்துக்கொண்டே, கீழே நிற்கும் மனைவியிடம் "நீ ஏன் பதறுறே?" என்று கேட்பவரும் அவரே. தேதி முடிந்த மாத்திரையை "தேதி மாத்திரைக்குத்தான், நமக்கா?" என்று விழுங்குவார். ஈரத் தரையில் வழுக்கி விழுந்தவரைத் தூக்கிவிட்டு, அதே தரையில் அதே வேகத்தில் நடந்து காட்டுவார். கேட்டால் சான்று கைவசம் இருக்கிறது. "இருபத்தாறு வருஷமா செய்யறேன். எனக்கு ஒண்ணும் ஆகலியே?" ஆராய்ச்சியும் அவரே, ஆராய்ச்சிக்குட்பட்ட எலியும் அவரே, முடிவை வெளியிடுகிறவரும் அவரே. இப்படி மூன்று பேருடைய வேலையையும் ஒருவரே செய்தால் முடிவில் கருத்து வேறுபாடு எங்கிருந்து வரும்?

நான் சொல்ல வந்த ஒன்றுமாகாதாருக்கு வாய்த்த உத்தியோகம்தான் வேடிக்கை. தரை துடைக்கவும், கண்ணாடி துடைக்கவும், இயந்திரத்தில் ஏறிய எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கவும் திரவங்கள் தயாரிக்கிற ஒரு தொழிற்சாலை. அங்கே புதிதாக எந்தத் திரவம் வந்தாலும் அது மனிதனை என்ன செய்யும், கண்ணை என்ன செய்யும், மூச்சை என்ன செய்யும் என்று ஆராய்ந்து, எந்தப் படம் ஒட்டுவது, 'அபாயம்' என்று போடுவதா, அதற்கு ஒரு படி கீழே 'எச்சரிக்கை' என்று போடுவதா என்று தீர்மானித்துக் கையெழுத்திடும் பொறுப்பை, ஊரில் ஆளே கிடைக்காதது போல, அவரிடம் கொடுத்து வைத்திருந்தார்கள்.

அவர் அதைச் செய்கிற அழகைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். ஆய்வகத்திலிருந்து குப்பி வரும். கூடவே, அதில் என்னென்ன கலந்திருக்கிறது, ஒவ்வொன்றும் உடம்பை எப்படிக் கெடுக்கும் என்ற விவரமும் வரும். விவரத்தை மேசையில் போட்டு அதன்மேல் டீ கோப்பையை வைப்பார். பிறகு குப்பியைத் திறந்து, கச்சேரியில் முதல் வரிசையில் உட்கார்ந்த ரசிகர் மாதிரி கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, நுரையீரல் நிறைய ஓர் இழுப்பு இழுப்பார். உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டுத் தேய்த்துப் பார்த்து, கால்சட்டையில் துடைத்துக்கொள்வார். தீர்ப்பு வந்துவிடும். உலகத்துப் பொருள்கள் அனைத்தையும் அவர் மூன்றே வகையாகப் பிரித்திருந்தார். முதல் வகை, ஒன்றும் ஆகாது. இரண்டாவது வகை, ஒன்றும் ஆகாது, ஆனால் கையைக் கழுவிக்கொள். மூன்றாவது வகை, ஒன்றும் ஆகாது, ஆனால் முதலாளியிடம் சொல்லாதே.

இந்த அமைதியான ராஜ்யத்தில்தான் ஒரு நாள் காலை, புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆய்வகப் பெண் ஒரு குப்பியோடு வந்து நின்றாள். பிசுக்கு எடுக்கிற புதுத் திரவம். அன்று சாயங்காலமே நிரப்பும் அறையில் கேன்களில் அடைக்க வேண்டும். வாங்குகிறவர்களின் லாரி வாசலில் நின்றுகொண்டிருந்தது.

"சார், இது தீப்பிடிக்காது. ஆனா ஆவி ரொம்ப மோசம். மூடின ரூம்ல இருந்தா தலை சுத்தி மயக்கமே வந்துடும். தொடர்ந்து மூச்சுல போனா ஈரல் கெட்டுடும். நெஞ்சுல நட்சத்திரம் போட்ட படத்தையும் போட்டு, 'அபாயம்'னும் போடணும் சார்."

"தீப்பிடிக்காதுன்னு நீயே சொல்லிட்டே. தீயே பிடிக்காத பொருள்ல என்னம்மா அபாயம்?"

சொல்லிக்கொண்டே குப்பியைத் திறந்தார். ஆய்வகப் பெண் சட்டென்று பின்வாங்கிக் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். அவள் கண்ணில் நீர் கட்டியது. நம்மவரோ ஓர் இழுப்பு, மறு இழுப்பு, போனால் போகிறதென்று மூன்றாவதாகவும் ஓர் இழுப்பு இழுத்தார்.

"வாசனையே இல்லையேம்மா. பச்சைத் தண்ணி மாதிரி இருக்கு."

"எனக்கு இங்கே நிக்கவே முடியல சார்!"

"உனக்குப் பழக்கமில்ல. போகப் போகச் சரியாயிடும்."

அவருக்கும் கணக்கு இல்லாமல் இல்லை. 'அபாயம்' என்று போட்டால் நிரப்பும் அறைக்குக் காற்றை வெளியே இழுக்கும் விசிறி மாட்ட வேண்டும். அடைக்கிறவர்களுக்கு ஆவியைத் தடுக்கும் முகமூடி வாங்க வேண்டும். அதுவரை லாரி நிற்கும், லாரிக்காரர் கத்துவார், முதலாளி அதைவிட உரக்கக் கத்துவார். 'எச்சரிக்கை' என்றால் ஒரு ஜோடி கையுறையோடு போயிற்று.

"சரி, நீ இவ்வளவு சொல்றதால 'எச்சரிக்கை'ன்னு போடறேன். அதுவும் உனக்காகத்தான்" என்று பெரிய மனது பண்ணிக் கையெழுத்துப் போட்டார். அந்தப் பெண் வெளியே போய்த் தும்மினாள்.

நிரப்பும் அறையில் மாலை வேலை பார்க்கிறவன் யார் தெரியுமா? ஒன்றுமாகாதாரின் மனைவிக்கு ஒரே தம்பி. வேலை வாங்கிக் கொடுத்தவர் மாமாதான். தூசு விழக்கூடாதென்று சன்னல்களைச் சாத்திக்கொண்டு, கேனில் திரவம் பிடித்து மூடி போடுகிற வேலை. "மாமா, வேலை முடிஞ்சு வர்றப்போ தினம் தலை வலிக்குது" என்று அவன் இரண்டொரு தடவை சொல்லிப் பார்த்தான். "ராத்திரியெல்லாம் போனைப் பார்த்தா தலை வலிக்காம வாலா வலிக்கும்?" என்று மாமா அதையும் வகைப்படுத்தி அனுப்பிவிட்டார்.

அன்று வீட்டுக்கு வந்து, கைகால் கழுவி, சமையலறை மேசையில் செய்தித்தாளை விரித்தார். மனைவி அடுப்பில் பாலை வைத்துவிட்டு, "பாலைப் பார்த்துக்குங்க, மாடியில துணியை எடுத்துட்டு வந்துடறேன்" என்று போனார். இவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், செய்தித்தாளை. பால் பொங்கியது, வழிந்தது, அடுப்பை அணைத்தது. எரிவாயு மட்டும் யாருக்கும் கட்டுப்படாமல் வந்துகொண்டே இருந்தது. சற்று நேரம் கழித்து நிமிர்ந்தவர், அடுப்பு அணைந்திருப்பதைக் கண்டு, 'அதனாலென்ன, மறுபடி பற்றவைத்தால் போச்சு' என்று லைட்டரைக் கையில் எடுத்தார்.

வாசலில் துணிக்கூடை விழுந்த சத்தம் கேட்டது. அடுத்த கணம் லைட்டர் அவர் கையில் இல்லை. மனைவி அடுப்பைத் திருகி மூடினார், சன்னல்களை அடித்துத் திறந்தார், அவரைச் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். மூச்சு வாங்க நின்றார்.

"மூக்குன்னு ஒண்ணு இருக்கா இல்லையா உங்களுக்கு? மாடிப்படி வரைக்கும் நாறுது!"

"என்ன நாத்தம்? எனக்கு ஒண்ணும் தெரியலியே."

இந்தப் பதிலை வழக்கமான வீம்பு என்றுதான் அந்த அம்மாள் முதலில் நினைத்தார். முகத்தைப் பார்த்ததும் சந்தேகம் வந்தது. வீட்டுக்குள் காற்று ஓடித் தெளிந்த பிறகு, அவரை உட்காரவைத்து, துண்டால் கண்ணைக் கட்டி, மூக்கருகே ஒவ்வொன்றாகக் காட்டினார். காபித்தூள். "தெரியலையே." நசுக்கிய பூண்டு. "இன்னும் காட்டவே ஆரம்பிக்கலையா?" கழிப்பறைக்கு ஊற்றுகிற பினாயில். "ம்ஹூம்." கடைசியாக, அன்று முழுக்கக் காலில் கிடந்த அவருடைய காலுறை.

"ஏதோ... பூவா?" என்று ஊகமாகச் சொன்னார் ஒன்றுமாகாதார்.

வேறு ஒரு நாளாயிருந்தால் அந்த அம்மாள் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. கண்கட்டை அவிழ்த்தார்.

"எவ்வளவு நாளா இப்படி?"

அவருக்குத் தெரியவில்லை. வாசனை வருவது தெரியும். வராமல் போவது யாருக்குத் தெரிகிறது? எத்தனை குப்பிகளை எத்தனை ஆண்டுகளாக நெஞ்சு நிறைய இழுத்திருக்கிறார்! இழுத்த இழுப்பில் கருவியே கெட்டுப்போயிருக்கிறது. கெட்டுப்போன கருவி எதைக் காட்டினாலும் நல்ல பொருள் என்றே சொல்லியிருக்கிறது. அதை நம்பி அவர் கையெழுத்துப் போட்டுக்கொண்டே வந்திருக்கிறார்.

"பேக்டரில எல்லாத்தையும் இந்த மூக்கை வெச்சுத்தானே பார்ப்பீங்க?" என்று கேட்டார் மனைவி, மெதுவாக. "அப்போ என் தம்பி இப்போ எதை மோந்துட்டிருக்கான்?"

ஒன்றுமாகாதார் சட்டென்று எழுந்தார். கூசாமல் சொல்வதானால், பயந்தார். காலையில் ஆய்வகப் பெண்ணின் கண்ணில் கட்டிய நீர் இப்போதுதான் அவருக்குச் சரியாகத் தெரிந்தது. மைத்துனனின் போனுக்கு அடித்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வேலை நேரத்தில் போனை வெளியே வைத்துவிட்டுப் போக வேண்டும் என்ற ஒரு சட்டத்தை மட்டும் அந்தத் தொழிற்சாலையில் எல்லாரும் ஒழுங்காகக் கடைப்பிடித்தார்கள். ஸ்கூட்டரை எடுத்தார். மனைவி கேட்காமலே பின்னால் ஏறிக்கொண்டார்.

நிரப்பும் அறைக் கதவு சாத்தியிருந்தது. திறந்ததும் மனைவி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு சன்னல்களை நோக்கி ஓடினார். குழாய் திறந்தபடி கிடக்க, கேன் நிரம்பித் தரையெல்லாம் வழிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட ஒரு வாளியின்மேல், சுவரில் சாய்ந்து, பாதிக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான் மைத்துனன். மாமாவைப் பார்த்து இளித்தான்.

"என்னடா ஆச்சு? டேய்! என்னடா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல மாமா..." நாக்கு குழறியது. "லேசா சுத்துது. பழக்கமில்ல... போகப் போகச் சரியாயிடும்."

தம்முடைய சொல்லை இன்னொருவர் வாயில் அவர் கேட்டது அன்றுதான். அவ்வளவு பயங்கரமான சொல் அது என்று இத்தனை நாளும் அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொன்னவர்களை அவர் பேசவிட்டால்தானே! மூச்சைப் பிடித்துக்கொண்டு அவனைத் தோளில் சாய்த்து வெளியே இழுத்துவந்து திறந்தவெளியில் போட்டார். அவன் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தான். அவன் தலையைப் பிடித்துக்கொண்டு, ஊரெல்லாம் பார்க்க, ஒன்றுமாகாதார் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

பையன் பிழைத்தான். மருத்துவமனையில் படுக்கவைத்து, காற்று கொடுத்து, ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, இன்னும் சற்று நேரம் அந்த அறையில் இருந்திருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். மறுநாள் ஒன்றுமாகாதார் தாமே ஆய்வகத்துக்குப் போய், "நீ சொன்ன படத்தைப் போடும்மா. 'அபாயம்'னே போடு. பழசு எல்லாத்தையும் எடுத்து முதல்லேருந்து பாரு. என்னைக் கேட்காதே" என்றார். விசிறி வந்தது. முகமூடி வந்தது. லாரி நின்றது, லாரிக்காரர் கத்தினார், முதலாளி அதைவிட உரக்கக் கத்தினார். அதனால் வானம் ஒன்றும் இடிந்து விழுந்துவிடவில்லை.

ஆள் திருந்திவிட்டார் என்றுதானே நினைக்கிறீர்கள்? ஆய்வகப் பெண்ணும் அப்படித்தான் நினைத்தாள்.

"சார், மூக்கு டாக்டரைப் பார்த்தீங்களா?"

"அதை விடும்மா. மூக்குதானே? என்ன ஆயிடப் போகுது!"

இனத்தின் குணம் அவ்வளவு லேசில் போகாது. கடைசியில், "உங்களை நான் கேட்கல, கிளம்புங்கன்னு சொல்றேன்" என்று மனைவிதான் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

இதைப் படித்துக்கொண்டு வரும்போதே நீங்கள் ஒருவரை நினைத்துச் சிரித்திருப்பீர்கள். அண்ணன், மாமனார், அலுவலகத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் என்று ஆளுக்கு ஒருவர் அகப்பட்டிருப்பார். அவரிடம் இதைப் படித்துக் காட்ட வேண்டும் என்றுகூடத் தோன்றியிருக்கும். தாராளமாகக் காட்டுங்கள். அதற்கு முன்னால் ஒரே ஒரு காரியம். எழுந்து போய், உங்கள் சமையலறைத் தொட்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். பெரிய கேனில் வாங்கியதைக் கையாளச் சுலபமாக இருக்கட்டும் என்று காலி சர்பத் பாட்டிலில் நீங்கள் ஊற்றி வைத்தது அங்கே ஒரு மூலையில் நிற்கும். சர்பத் படம்கூட இன்னும் கிழியாமல் இருக்கிறது, பாருங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். வீட்டில் வேறு யாருக்குத் தெரியும்?